வளவில் எந்தப் படம் போடுவது?

பொங்கலுக்குப் பங்காளிகள் வந்து சேர்ந்து, ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்த அறைகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் நாட்களில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வளவில், அதாவது முற்றமும் அதைச் சுற்றிய கூடமுமான நடுக்கட்டில், வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போடுவது எங்கள் செட்டிநாட்டு வீட்டு வழக்கம். எல்லோருக்கும் வசனம் மனப்பாடமான படம்தான் ஓடும். இந்த முறை கனமான படம் ஒன்றைப் போட வேண்டும் என்று நான் கேட்டிருக்கிறேன். வீடு முழுக்க ஆட்கள் நிறைந்து, மூன்று தலைமுறையும் ஒரே ஜமுக்காளத்தில் உட்காரும் இரவு ஆண்டுக்கு ஒன்றிரண்டுதான் கிடைக்கிறது. அந்த இரவில் பார்க்கத் தகுந்த படங்கள் இருக்கின்றன. எது என்பதில்தான் யோசனை.

நான் திரைப்படச் சங்கங்களில் வளர்ந்தவன் இல்லை. கடையை அடைத்துவிட்டு வந்து, சாப்பிட்டுவிட்டுப் படம் பார்க்கும் சாதாரணப் பார்வையாளன். அப்படிப் பார்த்தவற்றில், கலைப்படம் என்றும் கடினமான படம் என்றும் பெயர் வாங்கிய சில என்னை விடவில்லை. சில பாதியிலேயே தூங்க வைத்தன. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை யோசித்தபோது ஒன்று தெளிவானது. கடினம் என்று ஒரே பெயரில் சொல்லப்படுவது உண்மையில் இரண்டு வகை. ஒரு வகைப் படம் நிதானமாக நகரும், சம்பவம் குறைவாக இருக்கும், ஆனால் யார் என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்பது பளிச்சென்று தெரியும். இன்னொரு வகை, என்ன நடக்கிறது என்பதைக் காட்டும். ஏன் என்பதைச் சொல்லாது. முதல் வகைக்குப் பொறுமை போதும். இரண்டாம் வகைக்குப் படம் முடிந்த பிறகு உட்கார்ந்து பேச ஆள் வேண்டும்.

பொறுமையைப் பற்றி நான் கவலைப்படவில்லை. கல்யாண வீட்டில் விடிகாலையிலிருந்து ஒவ்வொரு சடங்காக முடியும்வரை உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் இவர்கள். எண்பதைத் தாண்டிய அப்பத்தா, காலையிலிருந்து அடுப்படியில் நின்ற ஆச்சிமார், சிங்கப்பூரிலிருந்து வந்த பிள்ளைகள், எல்லோரும் திரையில் தங்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடி கிடைத்துவிட்டால் மெதுவான படம்கூட ஓடிவிடும். எங்களுக்குக் கிடைக்கக்கூடிய பிடி, வீடு. பெரிய வீடு, அதில் குறைந்துபோன மனிதர்கள், வெளியூரில் தங்கிவிட்ட பிள்ளைகள். ஆகவே வீட்டையும் குடும்பத்தையும் பற்றிய நான்கு படங்களை எடுத்துக்கொண்டேன்.

இந்தப் பக்கத்து வீடுகள் சினிமாவுக்குப் புதியவை அல்ல. காரைக்குடியில் பிறந்த ஏ.வி.மெய்யப்பன் தேவகோட்டை ரஸ்தாவில்தான் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தினார். 1947-ல் வெளிவந்த ‘நாம் இருவர்’ அங்கே உருவானது. பிறகு எத்தனையோ படங்களில் கானாடுகாத்தான் முகப்பும் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும் வந்துவிட்டன. வில்லனின் வீடாகவோ பாட்டுக்குப் பின்னணியாகவோ வந்துபோகின்றன. அந்த வீட்டில் யார் இருந்தார்கள், இப்போது ஏன் யாரும் இல்லை என்று கேட்ட படம் மிகக் குறைவு. அந்தக் கேள்வியைக் கேட்கும் படங்கள் வங்காளத்திலும் கேரளத்திலும் ஜப்பானிலும் இருக்கின்றன.

முதலில் ‘ஜல்சாகர்’. சத்யஜித் ராய் 1958-ல் எடுத்த வங்காளப் படம். ஏறத்தாழ 100 நிமிடம். ஆற்றங்கரையில் பெரிய அரண்மனை. நிலத்தை ஆறு தின்றுகொண்டிருக்கிறது. ஜமீன்தார் பிஸ்வம்பர் ராய்க்கு மிச்சம் இருப்பது ஒரு யானை, ஒரு குதிரை, சரவிளக்கு தொங்கும் இசைக்கூடம். சபி பிஸ்வாஸ் அந்த வேடத்தில் நடித்திருக்கிறார். மனைவியின் நகைகளை விற்று மகனின் பூணூல் விழாவுக்குக் கச்சேரி வைக்கிறார். பக்கத்தில் புதுப்பணக்காரர் மகிம் கங்குலி வீடு கட்டி, மின்விளக்கு போட்டு, தானும் கச்சேரி வைக்கத் தொடங்கியதும் ஜமீன்தாரால் பொறுக்க முடியவில்லை. பேகம் அக்தரின் பாட்டும், பிஸ்மில்லா கானின் ஷெனாயும், ரோஷன் குமாரியின் கதக்கும் படத்துக்குள்ளேயே முழுமையாக வருகின்றன. இசை விலாயத் கான்.

இதில் ஒரு காட்சியை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கடைசிக் கச்சேரி. ஆட்டம் முடிகிறது. விருந்தாளியாக வந்திருக்கும் மகிம், நடனக்காரிக்குக் காசு கொடுக்கக் கையை நீட்டுகிறார். ஜமீன்தாரின் கைத்தடியின் வளைந்த முனை வந்து அந்தக் கையை மறித்துவிடுகிறது. முதல் சன்மானம் கொடுக்கும் உரிமை வீட்டுக்காரருக்கு. பிறகு தன்னிடம் கடைசியாக இருந்த பொற்காசுகளைக் கொடுக்கிறார். இந்த இடத்துக்கு விளக்கமே தேவையில்லை. மொய்யிலும் சீரிலும் முறையிலும் வளர்ந்த எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தக் கைத்தடி பேசுவது முழுதாகப் புரியும்.

ஆனால் இந்தப் படம் செட்டிநாட்டுக்காரரை வேறொரு இடத்தில் நிறுத்துகிறது; அதனால்தான் எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. வங்காளத்துப் பார்வையாளருக்கு எளிது: ஒரு பக்கம் அழிந்துகொண்டிருக்கும் ஜமீன்தார், மறுபக்கம் வட்டிக்காரரின் மகன். படத்தின் பரிவு ஜமீன்தாரிடம். நாங்கள் எங்கே உட்காருவது? வீட்டைப் பார்த்தால் நாங்கள் பிஸ்வம்பர் ராய். பர்மாத் தேக்குத் தூண்களும், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகிய சுவர்களும், பராமரிக்க ஆளில்லாத இரண்டாம் கட்டும் எங்களுடையவை. தொழிலைப் பார்த்தால் நாங்கள் மகிம் கங்குலி. ரங்கூனிலும் மோல்மேனிலும் கடை வைத்துக் கடன் கொடுத்தவர்கள் எங்கள் முன்னோர். 1930-களில் நெல் விலை சரிந்து கடன் திரும்பாமல்போனபோது, கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களில் கால்பங்கு அளவுக்குச் செட்டியார்கள் கைக்கு வந்தது. 1942-ல் ஜப்பானியப் படை நுழைந்ததும் உயிர் பிழைத்தால் போதும் என்று திரும்பி வந்தார்கள். அந்தப் பணத்தில் கட்டிய வளவில் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்ப்பது சாதாரண அனுபவம் இல்லை. ஜமீன்தாருக்காக வருந்திக்கொண்டிருக்கும்போதே, அவர் வெறுக்கும் மனிதர் நம்முடைய ஐயாவைப் போன்றவர் என்று தெரிகிறது. இதை வீட்டில் பேச வேண்டும் என்று நான் விரும்புகிறேன். மகிமை ராய் கொஞ்சம் கேலியாகத்தான் காட்டுகிறார். அது படத்தின் குறை என்றே நினைக்கிறேன். உழைத்துச் சேர்த்தவனுக்கு இசை பிடிக்கக் கூடாதா என்ன?

‘ஜல்சாகர்’ எளிதான படமா? கதை எளிது. வசனம் குறைவு, பாட்டும் ஆட்டமும் நிறைய. ஆகவே மொழி தெரியாதவர்களுக்கு நஷ்டமும் குறைவு. ஹிந்துஸ்தானி இசையில் பழக்கம் இல்லாத பிள்ளைகள் கச்சேரிக் காட்சிகளில் போனை எடுத்துவிடுவார்கள் என்ற பயம் மட்டும் உண்டு.

அடுத்தது ‘எலிப்பத்தாயம்’, எலிப்பொறி என்று பொருள். அடூர் கோபாலகிருஷ்ணனின் மலையாளப் படம். 1982-ல் லண்டன் திரைப்பட விழாவில் சதர்லாண்ட் கோப்பை பெற்றது. இடிந்துவரும் தறவாட்டில், அதாவது பரம்பரைக் குடும்ப வீட்டில், உண்ணி என்ற ஒருவர், அவருடன் தங்கைகள் ராஜம்மாவும் ஸ்ரீதேவியும். கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கும் அக்காள் ஜானம்மா அவ்வப்போது வந்து சொத்தில் பங்கு கேட்கிறார். உண்ணியாக கரமனை ஜனார்த்தனன் நாயர், ராஜம்மாவாக சாரதா. இரவில் தென்னந்தோப்பில் தேங்காய் திருடும் சத்தம் கேட்டாலும் உண்ணி எழுந்து போகமாட்டார். வெளியே கிளம்பியவர், வழியில் தண்ணீர் தேங்கியிருந்தால் திரும்பி வந்துவிடுவார். எல்லாவற்றுக்கும் ராஜம்மாவைக் கூப்பிடுவார். ராஜம்மாவுக்கு வரன் வந்தால் ஏதோ ஒரு காரணம் சொல்லித் தட்டிவிடுவார். எலிப்பொறியில் சிக்கும் எலியை ஸ்ரீதேவி குளத்துக்கு எடுத்துப்போய் மூழ்கடிப்பது மட்டும் முறை தவறாமல் நடக்கிறது.

மலையாளம் எங்களுக்குப் பாதி காதிலேயே புரியும். வீட்டின் கதவு, தாழ்ப்பாள், திண்ணை எல்லாம் பழக்கமானவை. இருந்தாலும் இந்த நான்கில் மிகக் கடினமான படம் இதுதான். உண்ணி ஏன் இப்படி என்பதைப் படம் கடைசிவரை சொல்வதில்லை. அவரிடம் நல்லது எதுவும் இல்லை, கெட்டவர் என்று சொல்லவும் எதுவும் இல்லை. சாதாரணப் பார்வையாளர் ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இந்த ஆளுக்கு என்னதான் வேண்டும் என்று எரிச்சலோடு கேட்பார். நியாயமான எரிச்சல்தான். இரண்டாம் முறை பார்த்தபோது நான் உண்ணியைப் பார்ப்பதை விட்டுவிட்டு ராஜம்மாவையே பார்த்தேன். படமே மாறிப்போனது. ஒருவர் சும்மா இருப்பதற்காக இன்னொருவர் எத்தனை முறை எழுந்து நடக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தால், யார் எந்தப் பொறிக்குள் இருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட அண்ணன்மாரும், இப்படிக் காத்திருந்தே வயது போன பெண்களும் இல்லாத ஊர் எது? அதனாலேயே இந்தப் படத்தை முழுக் குடும்பத்துக்கும் போடத் தயங்குகிறேன். வளவில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவரை எல்லோரும் திரும்பிப் பார்த்துவிடக் கூடும். பங்கு பிரிப்பதில் மனத்தாங்கல் நிற்கும் வீட்டில், ஜானம்மா தன் பங்கைக் கேட்கும் காட்சி ஓடும்போது என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இது நாலைந்து பேர் சேர்ந்து பார்த்துவிட்டு, விளக்கைப் போட்டு, நெடுநேரம் பேச வேண்டிய படம்.

மூன்றாவது, பாலு மகேந்திராவின் ‘வீடு’. 1988. தமிழ்ப் படம் என்பதால் மொழிச் சிக்கல் எதுவும் இல்லை. வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலையில், வேலைக்குப் போகும் சுதா சின்னதாக ஒரு வீடு கட்டத் தொடங்குகிறார். அர்ச்சனாவுக்கு இந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், கட்டி முடியாத வீட்டைத் தனியாகப் பார்க்க வந்து, பூசாத சுவரைத் தடவிக்கொண்டு அறை அறையாக நடக்கும் காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். இளையராஜாவின் இசை அந்த நடைக்குத் துணையாக வரும். இதைக் கடினமான படம் என்று சொல்வதே எனக்கு உடன்பாடு இல்லை. மணல் விலை, சிமெண்ட், ஏமாற்றும் ஒப்பந்தக்காரர், அரசு அலுவலகம் என்று எல்லாம் தெரிந்த உலகம். ‘வீடு’ படத்தை எப்போது போட்டாலும் ஓடும். யாரும் எழுந்து போகமாட்டார்கள். இந்த ஆண்டு நான் தேடுவது இன்னும் ஒரு படி தள்ளி இருப்பது. அதற்காகத்தான் இதைக் கையில் வைத்துக்கொள்கிறேன்: புரொஜெக்டரோ கோப்போ தகராறு செய்தால், மாற்றாக இதுதான்.

இனி ‘டோக்கியோ ஸ்டோரி’. யசுஜிரோ ஓசு, 1953, கறுப்பு வெள்ளை, 136 நிமிடம். ஒனோமிச்சி என்ற கடற்கரை ஊரிலிருந்து வயதான கணவனும் மனைவியும் டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். மூத்தவர் மருத்துவர், மகள் அழகு நிலையம் வைத்திருக்கிறாள். இருவருக்கும் நேரம் இல்லை. போரில் இறந்துபோன மகனின் மனைவி நோரிகோதான் வேலைக்கு விடுப்பு எடுத்து ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். பிள்ளைகள் சேர்ந்து பணம் போட்டுப் பெற்றோரை அட்டாமி என்ற வெந்நீரூற்று ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். இரவெல்லாம் அங்கே இளைஞர்களின் கூச்சல். தூக்கம் இல்லாமல் திரும்பி வருகிறார்கள். ஊர் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் அம்மா இறந்துவிடுகிறார்.

கதை இவ்வளவுதான். இதில் யாரும் கத்துவதில்லை, கெட்டவரும் இல்லை. படம் தொடங்கும்போது இரண்டு பேரும் பயணத்துக்கு மூட்டை கட்டுகிறார்கள். காற்றடைக்கும் தலையணை எங்கே என்று கணவர் கேட்க, உங்களிடம்தான் கொடுத்தேன் என்கிறார் மனைவி. இல்லவே இல்லை என்று கொஞ்ச நேரம் தேடிவிட்டு, தன் பையிலேயே அதைக் கண்டெடுக்கிறார். ஐம்பது ஆண்டு ஒன்றாக வாழ்ந்த எந்தத் தம்பதியும் இந்தக் காட்சியைத் தங்கள் வீட்டில் நடத்தியிருப்பார்கள்.

இன்னொன்று, படத்தின் கேமரா வைக்கப்பட்டிருக்கும் உயரம். பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண் எந்த மட்டத்தில் இருக்குமோ அங்கேயே அது இருக்கிறது. ஓரிரு இடங்கள் தவிர நகர்வதும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு இது விநோதமாக இருக்கலாம். பட்டாலைக் கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அறைக்கு அப்பால் அறை, அதற்கு அப்பால் முற்றம், அங்கே குறுக்கே போகும் ஓர் ஆள் என்று பார்த்தே வாழ்ந்தவர்களுக்கு அது இயல்பான பார்வை. தரையில் உட்கார்ந்து இதைப் பார்க்க வேண்டும் என்று சொல்வேன்.

அப்பத்தாவுக்கு இந்தப் படத்தின் கொஞ்சப் பகுதியை டேப்லெட்டில் காட்டினேன். அம்மா, சின்னப் பேரனை மேட்டுக்கு அழைத்துப்போய், பெரியவனானதும் என்ன ஆகப்போகிறாய், அப்பாவைப் போல டாக்டரா, அப்போது நான் இருப்பேனா என்று கேட்கிறார். பேரன் பதில் சொல்லாமல் புல்லைப் பிடுங்கி விளையாடிக்கொண்டிருக்கிறான். கேட்டதை நான் தமிழில் சொன்னேன். அப்பத்தா, அந்தப் பிள்ளை எந்த ஊரில் இருக்கிறான் என்று கேட்டார். டோக்கியோ என்றேன். பிறகு அவர் கேட்டது, அந்த அம்மாளுக்கு அங்கே சாப்பாடு ஒத்துக்கொண்டதா என்பதுதான். கலிபோர்னியாவில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தவர் அவர்.

துக்கம் முடிந்த அன்றே மகள் ஷிகே, அம்மாவின் இன்ன புடவை எனக்கு, இன்னது எனக்கு என்று கேட்கிற இடமும் இருக்கிறது. அங்கே கிமோனோவும் இடுப்புப் பட்டையும். கண்ணில் நீர் காயும் முன் கேட்கிறாள். இளைய மகள் கியோகோ இதைப் பொறுக்காமல் கோபப்படுகிறாள். நோரிகோ சமாதானம் சொல்கிறாள்: அவரவர் வாழ்க்கை அவரவருக்கு வந்துவிடும், வேண்டாம் என்றாலும் நாமும் அப்படி ஆகிவிடுவோம் என்கிற பொருளில். வளவின் ஒரு மூலையில் பெற்றோர், மறு மூலையில் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் உட்கார்ந்து இதைக் கேட்பார்கள். ‘எலிப்பத்தாயம்’ ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடும் என்று பயந்தேன். இந்தப் படத்தில் அந்த ஆபத்து இல்லை. எல்லோருக்கும் கொஞ்சம் வலிக்கும், ஒருவருக்கே வலிக்காது.

இதோடு வேறு சில பெயர்களும் அடிபட்டன. சாந்தால் அகெர்மனின் 1975-ம் ஆண்டுப் படம் ‘ழான் தீல்மன்’, 2022-ல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ பத்திரிகையின் விமர்சகர் வாக்கெடுப்பில் முதலிடம் பிடித்தது. அதைப் போடலாமே என்றான் தம்பி. 201 நிமிடம். ஒரு விதவைத் தாயின் மூன்று நாள் வீட்டு வேலை, உருளைக்கிழங்கு உரிப்பது உட்பட. அடுப்படியிலேயே வாழ்நாளைக் கழித்த பெண்கள் அந்தப் படத்தை எந்த விமர்சகரையும்விடக் கூர்மையாகப் படிப்பார்கள் என்று உண்மையாகவே நம்புகிறேன். ஆனால் அந்தப் பெண் பிழைப்புக்குச் செய்யும் தொழிலும் முடிவும் சிறுபிள்ளைகள் சூழ்ந்த இரவுக்கு ஏற்றவை அல்ல. பி.எஸ்.வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’யை (2024) இளையவர்கள் கேட்டார்கள். பின்னணி இசையே இல்லாமல், அன்னா பென் ஏறக்குறைய வாய் திறக்காமல் நடித்த அந்தப் படம் மதுரைப் பக்கத்து மண்ணும் பேச்சுமாக மிக நெருக்கமானது. முடிவைப் பார்ப்பவரிடமே விட்டுவிடுவதால் அது இரண்டாம் வகை. பிள்ளைகள் மாடி அறையில் தனியாகப் பார்த்து விவாதிக்கட்டும்.

மொழி விஷயம் பெரியது. ஜப்பானியப் படத்துக்கு எங்களிடம் இருப்பது ஆங்கில வரிகள் மட்டும். பெரியவர்களால் படிக்க முடியாது. இதற்கு நான் நினைத்திருப்பது பழைய வழி. பேசாப் படக் காலத்தில் கொட்டகையில் ஒருவர் நின்று கதை சொல்வாராம். அதேபோல என் ஆச்சி (அக்காள்) மகள் பக்கத்தில் உட்கார்ந்து வரிகளைத் தமிழில் சொல்லட்டும். ஓசுவின் பாத்திரங்கள் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுகிறார்கள், ஒருவர் முடித்த பிறகே மற்றவர் தொடங்குகிறார். சொல்ல நேரம் இருக்கிறது. ‘எலிப்பத்தாயம்’ படத்துக்கு இது தேவைப்படாது. ‘ஜல்சாகர்’ படத்தில் பாட்டு ஓடும்போது பேசினால் கெட்டுவிடும்.

ஒலியையும் கவனிக்க வேண்டும். உயரமான கூரை, வழுவழுப்பான சுவர், கல் தரை, எல்லாம் சேர்ந்து வளவில் எதிரொலி பலமாக இருக்கும். கச்சேரி எதிரொலிக்கு நடுவே நன்றாகவே இருக்கும்; மெல்லிய பேச்சு குழம்பிவிடும். ஜமுக்காளத்தை இரண்டு மடங்காக விரித்து, முற்றத்தைச் சுற்றியுள்ள பத்தியின் தூண்களுக்கு இடையே போர்வைகளைக் கட்டித் தொங்கவிட்டு, ஸ்பீக்கரைத் திரைக்குப் பக்கத்தில் வைக்காமல் ஆட்களுக்கு நடுவில் வைத்தால் சரியாகிறது. முற்றம் திறந்திருப்பதால் நன்றாக இருட்டிய பிறகே தொடங்க முடியும்.

ஆகவே என் முடிவு: பொங்கலன்று இரவு ‘டோக்கியோ ஸ்டோரி’. மாட்டுப் பொங்கலன்று இரவு, மிச்சம் இருப்பவர்களுக்கு ‘ஜல்சாகர்’. அதற்குப் பிறகு பர்மாக் கதைகளைப் பெரியவர்கள் தாங்களாகவே எடுப்பார்கள், அவற்றைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ‘எலிப்பத்தாயம்’ எல்லோரும் ஊருக்குக் கிளம்பிய பிறகு, விரும்புகிறவர்களோடு. இரண்டே கால் மணி நேரப் படத்தில் ஓர் இடைவேளை விடத்தான் வேண்டும். அட்டாமியிலிருந்து இருவரும் திரும்பி, மகள் வீட்டுக்குள் நுழைகிற இடத்தில் நிறுத்தலாம் என்றிருக்கிறேன். பாதிப் படம் அங்கே முடிந்திருக்கும். காபி கொடுத்துவிட்டு, அப்பத்தாவுக்கு முதுகுக்குத் திண்டு மாற்றி வைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.